அழகனுக்குப் பக்கத்து மாடம்

செத்துப்போன புருசன் அழகனின் மாடத்துக்குப் பக்கத்து மாடம் சிமெந்து பூசி மூடியிருந்தது. நாகலெட்சுமி அதை விரலால் சுரண்டிப் பார்த்தாள். அது அவளுடைய மாடம்.

"யாரு செஞ்ச வேல தலைவரே?"

சாவியோடு வாசலில் நின்ற மரணச் சங்கத் தலைவர் முத்துலிங்கம், வெளியே மழை மப்பைப் பார்த்தார். "மழ வர்றதுக்குள்ள போயிரலாம்க்கா."

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

மஸ்கெலியாவுக்கு மேலே இருக்கும் அந்தப் பொதுக் கல்லறையை, இந்தியாவிலிருந்து மன்னாரில் இறங்கி நடந்தே வந்த தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் சங்கம் வைத்துக் கட்டினார்கள். எட்டுப் பக்கக் கருங்கல் சுவர். வாசல் வடக்கே, வந்த வழியைப் பார்த்து. உள்ளே, தேயிலைத் தோட்டத்து வீட்டு வரிசையான லயம் ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவர், சுவர் நிறைய மாடங்கள், மாடத்துக்கு ஒரு அஸ்திக் கலயம். புருசன் முந்திக்கொண்டால், பெண்சாதிக்கென்று பக்கத்து மாடத்தில் வெறுங்கலயத்தைக் கவிழ்த்து வைப்பார்கள். அவளும் வந்து சேர்ந்த பிறகுதான் பூசுவது. பூசியதைத் திறப்பதில்லை.

கொரோனா சமயத்தில் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன நாகலெட்சுமி நேற்றுத்தான் திரும்பியிருந்தாள். லயத்தில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ கொடுத்த பக்கத்து வீட்டுப் பூரணி, அவள் கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இடத்தை யாருக்கோ தாரை வார்த்துவிட்டு முழிக்கிறார்கள், வேறென்ன.

"ஒங்க சித்தப்பாவ வெச்சிட்டியா? எடமில்லன்னு அப்பவே பொலம்புனியே."

"அவரு உசிரோட இருக்காருக்கா."

"அப்ப உள்ள யாரு?"

"அத நான் சொல்லக் கூடாதுக்கா."

அவள் பையிலிருந்து, தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்தாள். முத்துலிங்கம் ஓடி வருவதற்குள் சிமெந்து பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்தது அவள் கவிழ்த்த கலயமேதான். இப்போது நிமிர்ந்திருந்தது. அது நிறைய மண். மண்ணின் மேல் காய்ந்த தேயிலைக் கொழுந்து.

"கொரோனான்னு ஒங்கள ஆஸ்பத்திரியில சேத்திருக்குன்னு சேதி வந்துச்சு. அப்பறம் ஒங்க போனே வேல செய்யல."

"போன் அங்கயே தொலஞ்சு போச்சு."

"ஒரு வருசம் பாத்தோம்க்கா. வெளியூர்ல கண்ண மூடி, அஸ்தி கெடைக்கலன்னா, கொழுந்தெடுத்த மலையில மண்ணள்ளி வெக்கிறதுதானே வழக்கம். உசிரோட வந்து நிக்கிறவங்ககிட்ட, ஒங்க கருமாதி முடிஞ்சு போச்சுன்னு எப்புடிச் சொல்றது?"

நாகலெட்சுமி கலயத்தை வெளியே எடுத்தாள்.

"யாரு அழுதா?"

"பூரணி கொஞ்சம் அழுதிச்சு."

"கொஞ்சமா?"

மண்ணை வாசலில் கொட்டினாள். கலயத்தை முந்தானையால் துடைத்து, பழையபடி மாடத்தில் கவிழ்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"சாவியக் குடு."

"சங்கத்துச் சாவிக்கா. ஒங்களுக்கே தெறக்க வேண்டி வந்தா யாருகிட்டக் கேக்குறது?"

"என்கிட்ட வந்து கேளு," என்று அவர் கையிலிருந்த சாவியைப் பிடுங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். "பதில் வரலன்னா மட்டும் பூசு."