துப்பிய டீ

என் கணவர் பவுல்ராஜ் குன்னூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில் டீ டேஸ்டர். கரண்டியில் டீயை எடுத்து, காற்றோடு சேர்த்து 'சர்ர்' என்று உறிஞ்சி, நாக்கில் உருட்டித் துப்புவதுதான் வேலை. வீட்டில் ரசத்தைக்கூட அப்படித்தான் உறிஞ்சுவார். சர்ச் விருந்திலாவது இந்தக் கச்சேரி வேண்டாம் என்று நான் கெஞ்சாத கிறிஸ்துமஸ் கிடையாது.

கொஞ்ச நாளாக மேடேறினால் அவருக்கு நெஞ்சு இறுகியது. கோயம்புத்தூரில் இதயக் குழாய்களுக்கு சி.டி. ஸ்கேன் எழுதிக் கொடுத்தார்கள். முந்தின நாளிலிருந்தே டீ, காபி கூடாது, இதயம் மெதுவாகத் துடித்தால்தான் படம் தெளிவாக விழும் என்று நர்ஸ் போனில் சொன்னாள். சமர்த்தாகத் தலையாட்டினார்.

ஸ்கேன் அன்று விடிந்ததும், லீவு சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஃபேக்டரிக்கு ஒரு நடை போய் வந்தார். மருத்துவமனையில் டீ குடித்தீர்களா என்று கேட்டதற்கு இல்லை என்றார். ஆனால் துடிப்பு இறங்கவே இல்லை. மாத்திரை கொடுத்துக் காத்திருந்து, ஒருவழியாக எடுத்தார்கள்.

டாக்டர் திரையில் காட்டினார். இரண்டு குழாய்கள் சுத்தம். முன்பக்கம் இறங்கும் பெரிய குழாயின் தொடக்கத்தில் மட்டும் ஒரே கலங்கல். அடைப்பா, துடிப்பில் படம் அசைந்ததா, சொல்ல முடியவில்லை. நிஜமாகவே டீ குடிக்கவில்லையா என்று மறுபடி கேட்டார்.

"குடிக்கலைங்க டாக்டர். காலைல ஏலத்து சாம்பிள் மட்டும் பார்த்தனுங்க. எல்லாம் துப்பியாச்சு."

எத்தனை கோப்பை? அன்றைக்குக் கம்மிதானாம், நாற்பது. அவர் பொய் சொல்லவில்லை. அவர் தொழிலில் தொண்டைக்குள் இறங்கினால்தான் குடித்த கணக்கு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"தெரியலைன்னா நல்லா இருக்குன்னு அர்த்தம் இல்லைங்க. இன்னைக்கே தங்குங்க, காலைல ஆஞ்சியோ பண்ணிப் பார்த்துடலாம்" என்றார் டாக்டர்.

இரண்டு குழாய் சுத்தம் என்பதை மட்டும் நாக்கில் வைத்துக்கொண்டு மீதியைத் துப்பிவிட்டார் இவர். மறுநாள் ஏலம், அடுத்த வாரம் வருகிறோம் என்று எழுந்துவிட்டார். மேட்டுப்பாளையம் வரை சண்டை போட்டேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது.

மலைப்பாதையில் பர்லியாறு தாண்டியதும் பனி இறங்கியது. கண்ணாடியை இறக்கச் சொன்னார். அந்தக் குளிரிலும் நெற்றியில் வியர்வை. நிறுத்துங்கள் என்றேன். இந்த வளைவு தாண்டட்டும் என்றார்.

வளைவில் வண்டி திரும்பும்போது, பக்கத்திலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. 'சர்ர்.'

திரும்பிப் பார்த்தேன். அவர் கையில் கோப்பை இல்லை. ஸ்டீயரிங்கும் இல்லை.