மூன்றாவது தலைப்பு

எங்கள் செய்தித் தளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் மூன்று தலைப்பு எழுத வேண்டும். அலுவலகத்தில் அவற்றுக்குப் பச்சைத்தண்ணீர், உப்பு, மிளகாய் என்று பெயர். இயந்திரம் மூன்றையும் வாசகர்களுக்கு ஆளுக்கொன்றாகக் காட்டிப் பார்க்கும். கால் மணி நேரத்தில் எதை அதிகம் பேர் தொட்டார்களோ அது நிலைக்கும், மற்ற இரண்டும் குப்பைக்கு. எட்டு வருடமாக நான் எழுதினால் மிளகாய்தான் ஜெயிக்கிறது. எனக்கே மிளகாய் என்று பெயர் வந்துவிட்டது. பெருமையாகத்தான் இருந்தது, ஏன் பொய் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தலைப்பு எழுதுகிறவர்கள் செய்தியைப் படிப்பதில்லை. நிருபர் நாலு வரிச் சுருக்கம் அனுப்புவார், அதை வைத்து ஒப்பேற்றுவோம். ஒரு நாளைக்கு அறுபது செய்தி. முழுசாகப் படிக்க உட்கார்ந்தால் வேலைக்கு ஆகாது.

செவ்வாய்க்கிழமை மதியம் வந்த சுருக்கம் இது: பள்ளி வேனில் நான்கு வயதுக் குழந்தை தூங்கிவிட்டது. ஓட்டுநர் கவனிக்காமல் பூட்டிச் சென்றார். இருபது நிமிடத்தில் மீட்பு. குழந்தை நலம்.

தண்ணீரும் உப்பும் எழுதினேன். மூன்றாவதாக, "பூட்டிய வேனுக்குள் துடித்த பிஞ்சு! டிரைவர் அப்போது என்ன செய்துகொண்டிருந்தார் தெரியுமா?" என்று போட்டேன். என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியாது, சுருக்கத்தில் இல்லை. பிஞ்சு துடிக்கவும் இல்லை, தூங்கிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கேள்வியாகக் கேட்டுவிட்டால் பொய் சொன்னதாகாது என்பது எங்கள் தொழில் தர்மம். ஆறே நிமிடத்தில் மிளகாய் முந்தியது.

சாயங்காலம் தம்பி வந்தான். பள்ளி வேன் ஓட்டுகிறவன். ஊரில் நூறு வேன் ஓடுகிறது, மதியம் எனக்கு அவன் ஞாபகமே வரவில்லை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்று போனை நீட்டினான்.

"அக்கா, இதைப் பார்த்தியா?"

பார்த்தேன். என் மிளகாய்தான்.

"ஆயா இன்னைக்கு லீவு. இன்னொரு குழந்தை உடம்பெல்லாம் வாந்தி எடுத்துருச்சு. அதைத் தூக்கிட்டு ஓடினேன். கழுவிவிட்டு, அழுகைய நிறுத்தற வரைக்கும் பக்கத்துல இருந்தேன். ஜன்னலெல்லாம் திறந்துதான் இருந்துச்சு. ஆனா கடைசி சீட்டைப் பார்க்காதது என் தப்புதான்க்கா, ஹெச்.எம். கிட்ட நானே போய்ச் சொன்னேன். இனிமே கவனமா இருன்னு சொல்லி விட்டுட்டாங்க. அந்தக் குழந்தையோட அம்மா கூட பெரிசு பண்ணல. இப்ப மத்த அப்பா அம்மா எல்லாம் இதை மாத்தி மாத்தி அனுப்பறாங்க. வெள்ளிக்கிழமை விசாரணையாம். வேலை இருக்குமான்னே தெரியல."

செய்திக்குக் கீழே இரண்டாயிரம் பேர் பதில் எழுதியிருந்தார்கள். குடித்துக்கொண்டிருந்திருப்பான். போனில் எவளிடமோ கொஞ்சிக்கொண்டிருந்திருப்பான். நான் விட்டுவைத்த ஓட்டையில் ஆளுக்கொரு கல்லைப் போட்டிருந்தார்கள்.

தம்பி அதையெல்லாம் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேட்டான். "நான் என்ன பண்ணிட்டிருந்தேன்னு கேட்டிருக்காங்களே, யார்கிட்ட போய்ச் சொல்லணும்க்கா?"

அந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தி எழுதுகிறவள் என்றுதான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான், தலைப்பைப் பற்றி அவனுக்குத் தெரியாது. "உன் பக்கத்தை நான் எழுதறேன்டா, நானே எழுதறேன்" என்றேன். அவன் முகம் தெளிந்தது. அதைப் பார்க்கத் தைரியம் இல்லாமல், தண்ணீர் எடுத்துவருகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

மறுநாள் பொறுப்பாசிரியரிடம் அந்தத் தலைப்பை மாற்றச் சொல்லிக் கெஞ்சினேன். நிலைத்துவிட்ட தலைப்பில் கை வைக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மேலே எழுதிப் போட்டார். மேலே என்பது எந்த மாடி என்று அவருக்கே தெரியாது, பாவம்.

தம்பி சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினேன். இந்த எட்டு வருடத்தில் நான் முழுசாகப் படித்த செய்தி அது ஒன்றுதான். "வாந்தி எடுத்த குழந்தையைக் கழுவிவிடப் போயிருந்தேன்: வேன் ஓட்டுநர்" என்று ஒரே ஒரு தலைப்பு வைத்தேன். இயந்திரம் வாங்கவில்லை.

"மூணு குடுத்தாதான் வாங்கும்னு உனக்குத் தெரியாதா மிளகா?" என்றார் பொறுப்பாசிரியர்.

"இந்த ஒரு தடவை நீங்களே போட்டுடுங்க சார்."

"அப்படிப் போட எனக்கு ஒரு பட்டன் இருந்தா போன வருஷமே போட்டிருப்பேன்மா."

வேண்டுமென்றே சப்பென்று இரண்டு எழுதினேன். ஒன்று, "பள்ளி வேன் சம்பவம்: ஓட்டுநர் பேட்டி". இன்னொன்று, "நடந்ததை ஒப்புக்கொண்டார் வேன் டிரைவர்". கடைசி இருக்கையைப் பார்க்காததை அவன் ஒப்புக்கொண்டது நிஜம்தானே. அதில் காரமே இல்லை என்று சத்தியமாக நம்பினேன். மிளகாய் அரைத்த கை, எத்தனை கழுவினாலும் போகாது போலிருக்கிறது. மூன்றாவது நிமிடத்திலேயே அதுதான் முந்தியது. பக்கத்து மேசைக்காரர்கள், வாட்ச்மேன் என்று கண்ணில் பட்டவர்களின் போனையெல்லாம் வாங்கி, முதல் தலைப்பு வந்த இடங்களில் அதைத் தொட்டேன். கடலில் கரைத்த பெருங்காயம். கால் மணி ஆனதும் திரை என்னுடைய மூன்றாவது தலைப்பைப் பூட்டிவிட்டு, எப்போதும்போல எனக்கு ஒரு பச்சை நட்சத்திரம் கொடுத்தது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குத் தம்பி போன் செய்தான்.

"வேலைய விட்டு அனுப்பிட்டாங்கக்கா."

"உள்ள எழுதினதைப் படிச்சாங்களாடா?"

"தலைப்பு மட்டும்தான் இருந்துச்சு, யாரோ படம் எடுத்து அனுப்பியிருக்காங்க. நீயே ஒப்புக்கிட்டேன்னு பேரண்ட்ஸ் எல்லாம் சொல்றாங்க, நான் எப்படிப்பா உன்னை வெச்சுக்கறதுன்னு ஹெச்.எம். கேட்டாங்க. அவங்களும் கண் கலங்கிட்டாங்க."

பெற்ற பிள்ளைபோல நான் வளர்த்தவன். அவன்தான் என்னைத் தேற்றினான்.

"விடுக்கா, நீ என்ன பண்ணுவே. ரெண்டாவது தலைப்பையாவது நீ எழுதுவேன்னு நெனச்சேன். உன்னை எழுத விடாம அதையும் மொதல்ல எழுதின அந்தப் பாவியே எழுதிட்டான் போலிருக்கு."

"ஆமாடா" என்றேன்.