கணவர் இல்லாதவர்களின் கட்டம்

அக்காவின் கிளினிக் அட்டையில், கருப்பை வாய்ப் பரிசோதனைக்கான கட்டத்தில், பதினோரு வருடமாக ஒரே வரி: 'கணவர் இல்லை, தேவையில்லை.'

அத்தான் சாகும்போது அக்காவுக்கு எச்.ஐ.வி.யை விட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து ஒரு வேளை மாத்திரையைக்கூட அவள் தவறவிட்டதில்லை. வேலை பார்க்கும் லாட்ஜின் சலவை அறையில் நின்றபடியே விழுங்குவாள். மாத்திரை வாங்கும் எச்.ஐ.வி. கிளினிக்கில் 'ரொம்ப சமத்து' என்று பெயர் வாங்கினாள். சமத்தாக இருந்து என்ன கண்டாள்? மூன்று மாதமாக விடாத உதிரப்போக்கு. பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். கருப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள்.

"இந்தப் புற்றுநோயை உண்டாக்குற இன்னொரு வைரஸும் உள்ள இருந்திருக்கு," என்றார் அங்கிருந்த டாக்டர். "புருஷன் இருந்தப்பவே வந்திருக்கும். நல்ல உடம்பு பெரும்பாலும் அதை விரட்டிடும். இவங்களுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மி. முதல்ல பாத்திருக்க வேண்டியதே இவங்களைத்தான். அப்பவே பாத்திருந்தா சின்ன சிகிச்சையில முடிஞ்சிருக்கும். இப்ப உறுதியா எதுவும் சொல்ல முடியாது."

மறுநாள் அக்காவையும் கூட்டிக்கொண்டு போய், அட்டையைக் கிளினிக் நர்ஸின் மேசையில் போட்டேன். "இதை எழுதின புண்ணியவதி யாருங்க?"

அவர் நிமிரவே இல்லை. "தனியா இருக்கறவங்கம்மா. அந்த டெஸ்டுக்கு வாங்கன்னா தப்பா நெனைச்சுக்க மாட்டாங்களா?"

மானத்தைக் காப்பாற்றினார்களாம்! உயிரே போன பிறகு மானத்தை எந்த அலமாரியில் வைத்துப் பூட்டுவது? நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா, அந்த இடத்தில் ஒருநாளும் குரல் உயர்த்தாதவள், பெண்கள் காத்திருந்த பெஞ்சுகள் பக்கம் திரும்பினாள்.

"புருஷன் இல்லாதவங்க யாரெல்லாம் இருக்கீங்க? அட்டையை எடுத்துப் பாருங்க."

பைகள் திறந்தன. "எனக்கும் அதேதான் எழுதியிருக்கு," என்று ஒருத்தி எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. ஒன்பது பேர் ஆனார்கள்.

"டாக்டரம்மா ஒரு மணிக்குக் கிளம்பிடுவாங்க," என்றார் நர்ஸ்.

"இப்ப பத்துதானே ஆகுது," என்றாள் அக்கா. பரிசோதனை அறைக் கதவைத் தட்டித் திறந்து, முதல் ஆளைக் கையைப் பிடித்து உள்ளே அனுப்பினாள்.

ஒவ்வொருத்தியாகப் போய் வந்தார்கள். அக்கா கதவை விட்டு நகரவில்லை. அவள் சேலையில் பின்னால் ரத்தம் ஊறுவதைப் பார்த்து, "வா அக்கா, போதும்," என்றேன்.

"இருடி, இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க," என்றாள்.