பெரிய துண்டு யாருக்கு?

பாலிஷ் மேஜை காலியாகக் கிடந்தது. சாணைக்காரர் பக்கத்தில் ஃப்ரேம் மாட்டுகிறவரிடம் விசாரித்தார்.

மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கும் பட்டறை அது. சாணையில் அவர் தேய்த்துக் கொடுப்பார். எதிரே தங்கச்சி பாலிஷ் போடுவாள். கூடப் பிறந்தவள் அல்ல. ஒன்பது வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்ததில் ஒட்டிக்கொண்ட உறவு. பட்டறையில் அவருக்குப் பட்டப்பெயர் ‘அரைக் கிளாஸ்’. அவர் காசு கொடுத்து முழு டீ குடித்ததை யாரும் பார்த்ததில்லை.

சம்பள நாள் மதியம் அங்கே ஒரு விளையாட்டு உண்டு. அந்த மாதம் வீட்டுச் செலவுக்கு எவ்வளவு துண்டு விழுகிறது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டும். பெரிய துண்டுக்காரருக்கு டீ ஓசி. மாமனார் எழுதிவைத்த இரண்டு வீடுகளிலிருந்து வாடகை வருகிறது என்று சொல்ல, சேர்ந்த புதிதில் அவருக்கு வாய் வரவில்லை. சொன்னால் பேச்சு நின்றுபோகும் என்று பயம். வாயில் வந்த தொகையை அடித்துவிட்டார். சிரித்தார்கள், தோளில் தட்டினார்கள். அப்புறம் இறங்க வழியில்லை. மாதாமாதம் கதை கொழுத்தது, ஓசி டீயும் அவருக்கே வந்தது. வீட்டுக்காரன் காலி பண்ணச் சொல்கிறான், பெண்ணுக்கு ஷூ வாங்க வக்கில்லை.

நேற்று அவர் லீவு போட்டிருந்தார். வாடகைக்கு வீடு தேடப் போவதாகச் சொல்லிவிட்டு, பத்திரம் பதியப் போயிருந்தார். மூன்றாவது வீடு.

அந்த நேரம் பார்த்துத்தான் மேலாளர் வந்திருக்கிறார். புது மெஷின் வருகிறது, இரண்டு பேரில் ஒருவர் போக வேண்டும், சாயங்காலத்துக்குள் பெயர் வேண்டும் என்றாராம். தங்கச்சி இவருக்குப் போன்கூடப் போடாமல், தானே போவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

ஃப்ரேம்காரர் சொல்லி முடிப்பதற்குள் சாணைக்காரர் மேலாளர் அறையில் நின்றார். நான் போகிறேன், அவளைக் கூப்பிடுங்கள் என்றார். மேலாளர் தலைநிமிரவில்லை.

“போறதுன்னா போங்க. அவங்க இடத்தையே எடுத்தாச்சு. உங்க இடத்துக்கு இன்னொரு மெஷின் வரும்.”

மதியம் தங்கச்சி தன் சாமான்களை எடுக்க வந்தாள். கையில் ஒரு பை.

“பெரியவளோட ஷூண்ணே. ரெண்டு தடவைதான் போட்டா. உங்க பொண்ணுக்கு ஆகும்.”

“ஏம்மா இப்படிப் பண்ணே?”

“எனக்காவது அவரு எப்பவாவது வேலைக்குப் போறாரு. உங்க வீட்ல சம்பாதிக்க வேற யாரு இருக்கா?”

அவர் சொன்னார். மூன்று வீட்டையும் சொன்னார். அவள் சிரித்துவிட்டாள்.

“நான் வருத்தப்படக் கூடாதுன்னு அளக்குறீங்க. அரைக் கிளாஸுக்கு மூணு வீடா?”

நகல் எடுக்க வைத்திருந்த பத்திரத்தைத் தன் பையிலிருந்து எடுத்து நீட்டினார். லென்ஸில் கீறல் தேடுகிற மாதிரி வெளிச்சத்தில் சாய்த்துப் படித்தாள். மடித்து மேஜைமேல் வைத்தாள். மாதாமாதம் நான் தருகிறேன் என்று அவர் ஆரம்பித்ததை அவள் காதில் வாங்கவே இல்லை.

“ஒன்பது வருஷமா நான் நிஜத்தைத்தான் சொன்னேன்,” என்றாள். “ஒரு தடவைகூட எனக்கு அந்த டீ கெடைக்கல.”

அண்ணே என்று சொல்லவில்லை. ஷூப் பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு, சின்னவளுக்கு ஆகும் என்று யாருக்கோ சொல்வதுபோல் சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த சம்பள நாளில் யாரும் துண்டு கேட்கவில்லை. தட்டுகளைப் பார்த்தபடியே சாப்பிட்டார்கள். சாணைக்காரர் காசு கொடுத்து டீ வாங்கினார். முழுக் கிளாஸ். எதிரே மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. டீ ஆறி, ஆடை கட்டியது.