செம்பருந்துக்கு ஆறடி உயரம்

புது உடை வந்த அன்று ரஃபீக் பாய் என்னைக் கடைக்குக் கூப்பிட்டார். இந்த மராத்தி ஊரில், கட்கி ரயில் பாலத்துக்குக் கிட்டே அவர் கடை. பிறந்தநாள் விழாவுக்குப் பந்தல், பலூன், ஒலிபெருக்கி, குழந்தைகளோடு ஆட வேஷம் போட்ட ஆள், எல்லாம் அங்கிருந்துதான் போகும். அந்த வேஷம் போட்ட ஆள் நான். ஐந்து வருஷமாகச் செம்பருந்து.

அட்டைப் பெட்டியைத் திறந்தபோது புதுத்துணி வாசனை அடித்தது. பழைய உடையில் யூகலிப்டஸ் தைலமும் என் வியர்வையும்தான் அடிக்கும். பாய் உடையை எடுத்து உதறினார். அவர் கையை உயரத் தூக்கியும் கால் பகுதி தரையில் கிடந்தது.

"போட்டுப் பாரு சாமி" என்றார்.

போட்டேன். முழங்காலுக்கு வரவேண்டிய கவசம் கணுக்காலுக்கு வந்தது. மார்புக்கு வைத்த பஞ்சு வயிற்றில் உட்கார்ந்தது. தலையை மாட்டியதும் உலகம் இருட்டாகிவிட்டது. கண்ணுக்கு விட்ட ஓட்டை என் நெற்றிக்கு மேலே இருந்தது.

"இன்னாப்பா தெரியுது?"

"ஒண்ணும் தெரியல பாய்."

"வெளிய இருந்து பாக்கறதுக்கு, துவைச்ச மெத்தை உறைக்குள்ள பூனை பூந்த மாதிரி இருக்கு" என்றார் பாய். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். ஆனால் அவரும் சிரிக்கவில்லை.

விஷயம் இதுதான். செம்பருந்து முதலில் படக்கதைப் புத்தகத்தில் வந்தவன். அதில் அவன் ரயில்வே யார்டில் மூட்டை தூக்குகிற ஆள். குட்டை, கட்டை, கழுத்து இல்லாதவன். சினிமா எடுத்தபோதும் அதே மாதிரி ஒரு குட்டை நடிகரைத்தான் போட்டார்கள். மூன்று படம் ஓடியது. அந்த உடையின் அளவு எனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது. நாலாவது படத்துக்கு அந்த நடிகரை மாற்றிவிட்டார்கள். சம்பளத் தகராறு என்றும் வயசாகிவிட்டது என்றும் டீக்கடையில் இரண்டு விதமாகச் சொன்னார்கள். பையன்கள் செல்போனை வைத்துக்கொண்டு, பழையவன்தான் பாஜ், இல்லை புதியவன்தான் பாஜ் என்று சண்டை போட்டார்கள். இந்தப் பக்கம் செம்பருந்தை பாஜ் என்றுதான் சொல்வார்கள். புது நடிகர் ஆறடிக்கு மேல். இனி எந்த விழாவிலும் புது உருவம்தான் நிற்க வேண்டும், பழைய உடையை மாசக் கடைசிக்குள் திருப்பி அனுப்பு என்று படக் கம்பெனியிலிருந்து பாய்க்குக் கடிதம் வந்திருந்தது.

எனக்கு அந்த நடிகரைப் பற்றியும் இந்த நடிகரைப் பற்றியும் ஒன்றுமில்லை. என் கவலை வயிறு.

இந்த வேலைக்கு முன்னால் பாணேரில் கட்டடங்களுக்குக் கிரானைட் பலகை ஏற்றினேன். பதினெட்டு வருஷம். லிஃப்ட் வருவதற்கு முன்னால் பன்னிரண்டாவது மாடி வரை தோளில்தான் போகும். ஒருநாள் படியிலேயே குடல் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வலை வைத்துத் தைத்தார்கள். டாக்டர் அந்தத் தையலை விரலால் தொட்டு, "இனிமே தண்ணிக் குடத்தைக்கூட யோசிச்சுத் தூக்கு" என்றார். இன்னொரு தடவை இறங்கினால் தைக்க இடமில்லையாம். அப்போதுதான் பாய் இந்த வேஷத்தைக் கொடுத்தார். வெக்கைதான், மூச்சு முட்டும்தான். ஆனால் எதையும் தூக்க வேண்டாம். கையை ஆட்டினால் போதும்.

வேஷத்துக்கு மூன்று சட்டம் உண்டு. குழந்தை பார்க்கிற இடத்தில் தலையைக் கழற்றக்கூடாது. உட்காரக்கூடாது. வாயைத் திறக்கக்கூடாது. மூன்றாவதைத்தான் நான் ஒரு தடவை மீறினேன். அதனால்தான் இந்தக் கதையே.

போன வருஷம் பாணேரில் ஒரு அபார்ட்மெண்டின் கிளப் ஹவுஸில் ஒரு பெண் குழந்தைக்கு ஆறாவது பிறந்தநாள். ப்ரீதி என்று பெயர். கோயம்புத்தூர்க்காரர்கள், அம்மா ஸ்ரீலக்ஷ்மி கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை. கேக் வெட்டும் நேரத்தில் கரண்ட் போய், பலூன்கள் வேறு படபடவென்று வெடித்து, பிள்ளைகள் எல்லாம் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடின. பிறந்தநாள் குழந்தை மட்டும் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதது. நான் குனிந்தேன். யோசிக்கவே இல்லை.

"அழாத கண்ணு" என்று சொல்லிவிட்டேன்.

அழுகை நின்றுவிட்டது. "பாஜ், உனக்கு தமிழ் வருமா?" என்று கேட்டது.

தலையை ஆட்டினேன். அந்தத் தலையை ஆட்ட உடம்பையே ஆட்ட வேண்டும்.

"என் ஸ்கூல்ல யாருக்கும் வராது" என்றது குழந்தை.

பரிசுப் பைகளில் போட என்று படக்கதைப் புத்தகங்களைக் கட்டுக்கட்டாக பாய் வாங்கி வைத்திருப்பார். இந்தியும் மராத்தியும் போய்விடும். தமிழ்க் கட்டு ஒன்று யாரும் கேட்காமல் கிடந்தது. நாற்பத்திரண்டு வயதில் நிக்டி மாதா கோயிலில் மாலை வகுப்பில் மேரி சிஸ்டரிடம் எழுத்துக் கூட்டத் தொடங்கிய எனக்கு அந்தக் கட்டுதான் பாடப் புத்தகம். எழுத்து பெரிசு, வாக்கியம் சின்னது, படத்தைப் பார்த்தால் பாதி புரிந்துவிடும். அதில் ஒன்றை அன்று ப்ரீதியின் கையில் கொடுத்தேன். எல்லாப் புத்தகத்திலும் கடைசிப் பக்கம் ஒன்றுதான். சண்டை முடிந்து செம்பருந்து முகமூடியைக் கழற்றி, பழைய சட்டையோடு யார்டில் நடந்து போவான். யாராவது ஒருவர் சந்தேகப்பட்டு, யார் நீ என்று கேட்பார். அவன் எப்போதும் ஒரே பதிலைச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான்.

சரி, புது உடை வந்த நாளுக்கு வருகிறேன். நான் உடையைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தபோது பாய் சொன்னார்:

"அந்த கோயம்புத்தூர் அம்மா நேத்து போன் பண்ணாங்க. ஞாயித்துக்கிழமை பாப்பாவுக்கு ஏழாவது பொறந்தநாளு. தமிழ் பேசின பாஜ்தான் வேணும்னு பாப்பா ஒத்தக் கால்ல நிக்குதாம். இன்னா பேசித் தொலைச்ச நீ?"

"ரெண்டு வார்த்தை பாய்."

"ரெண்டு வார்த்தை" என்றார். "கம்பெனிக்காரன் ஆள் அனுப்பிப் பாப்பான், புது டிரஸ்லதான் போயாகணும். தருண் போவான். நீயும் பைய எடுத்துனு கூடப் போ. அந்தம்மாகிட்ட எல்லாம் சொல்லியிருக்கேன். பாப்பா புதுசை ஒத்துக்காம உன்னையே கேட்டுச்சுன்னு அவங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுத்தா, அதைக் காட்டி நான் பழைய டிரஸ்ஸை இங்கயே வெச்சுக்கறேன். குட்டிப் பசங்களுக்குப் பழசு, பெரிய மாலுக்குப் புதுசு. எனக்கும் ரெண்டு பருந்து இருந்தா நல்லதுதான்."

"எழுதிக் குடுக்கலன்னா?"

பாய் தலையைச் சொறிந்தார். "வண்டியில சாமான் ஏத்தி எறக்க ஆளு வேணும் சாமி. வேற இன்னா இருக்கு எங்கிட்ட?"

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் டெம்போவில் போனோம். தருண் சிஞ்ச்வடில் ஜிம்மில் வேலை செய்கிற பையன். நல்ல பையன்தான். உடையைப் போடும்போது, "காகா, இதுக்குள்ள எப்படி அஞ்சு வருஷம் இருந்தீங்க?" என்று இந்தியில் கேட்டான். காகா என்றால் சித்தப்பா. ஜெனரேட்டர் அறையில் வைத்து நான்தான் முதுகு ஜிப்பை ஏற்றிவிட்டேன். தண்ணீரை எப்போது குடிக்க வேண்டும், மூச்சை எங்கே விட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தேன். அவனுக்கு எல்லாம் சரியாக உட்கார்ந்தது. படத்தில் இருக்கிற மாதிரியே இருந்தான். பார்க்கக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது.

அவன் கிளப் ஹவுஸுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கத்தியது வெளியே கார் நிறுத்துமிடம் வரை கேட்டது. நான் வராந்தாவில் அவனுடைய தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன்.

ப்ரீதி வளர்ந்திருந்தாள். முன்பல் இரண்டு விழுந்திருந்தது. மற்ற பிள்ளைகள் தருணின் கையில் தொங்கின. இவள் மட்டும் ஒரு ஓரத்தில் நின்று அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். பிறகு கிட்டே போய்க் கேட்டாள்.

"பாஜ், நீ தமிழ் பேசு நா."

தருண் கட்டை விரலைக் காட்டினான்.

"போன பர்த்டேல பேசினே. யாத் ஹை? ஞாபகம் இருக்கா?"

மறுபடியும் கட்டை விரல்.

"நீ குட்டையா இருந்தே."

அவனுக்குப் புரியவில்லை. அதற்கும் கட்டை விரலைக் காட்டினான். அவள் திரும்பி நடந்து கேக் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. ஏழு வயதுக் குழந்தையின் முகம் சுருங்கியதைப் பார்த்து வந்த சந்தோஷம். அதை மறைத்து எழுத விருப்பமில்லை.

கொஞ்ச நேரத்தில் ஸ்ரீலக்ஷ்மி அம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"அண்ணா, நீங்கதானுங்களா போன வருஷம் வந்தது?"

"ஆமாங்கம்மா."

"ரஃபீக் பாய் எல்லாம் சொன்னாருங்க. வருஷம் பூரா உங்க பேச்சுத்தான் போங்க. நீங்க குடுத்த அந்தப் புக்கு இருக்குதே, அதை அவங்கப்பா படிச்சுக் காட்டிக் காட்டி, அட்டை கிழிஞ்சு போச்சு. வரி வரியா மனப்பாடம் அவளுக்கு. இங்கிலீஷ்ல ஆயிரம் புக்கு இருக்குது, அது மட்டும் தமிழ்ல வேணும்கறா." அவர் கதவுப் பக்கம் திரும்பினார். "இருங்க, அவளைக் கூப்பிடறேன். நீங்க ஒரு வார்த்தை பேசினாப் போதும், கண்டுபிடிச்சுருவா. அப்புறம் நான் பாய்க்கு எழுதிக் குடுத்தர்றேன். ப்ரீதி, இங்க வா கண்ணு."

வந்தாள். என்னைப் பார்த்தாள். தேய்ந்த செருப்பு, வியர்வையில் ஒட்டிய சட்டை, கையில் இன்னொருத்தனின் தண்ணீர் பாட்டில். தலைக்கு மேலே தலை இல்லாமல் ஒரு குழந்தையின் முன்னால் நான் நின்றதே இல்லை. எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. உடைக்குள் இருந்தால் எங்கே பார்த்தாலும் யாருக்கும் தெரியாது.

"இவரு யாருன்னு சொல்லு பாக்கலாம்" என்றார் அம்மா.

ப்ரீதி அண்ணாந்து, "நீங்க யாரு?" என்று கேட்டாள்.

நான் சொல்ல வேண்டியது போன வருஷம் சொன்ன அந்த இரண்டு வார்த்தைதான். டெம்போவில் வரும்போதே மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தருண் பிள்ளைகளோடு குதித்துக்கொண்டிருந்தான். ஐந்து வருஷம் எந்தக் குழந்தையும் பார்த்துவிடக்கூடாது என்று ஜெனரேட்டர் அறையிலும் குப்பை அறையிலும் ஒளிந்து ஒளிந்து கழற்றிய தலை. அந்தப் பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. வாய் அதன்பாட்டுக்குச் சொல்லிவிட்டது.

"நான் மூட்டை தூக்கறவன்."

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் முகமூடி இல்லாத செம்பருந்து சொல்கிற பதில் அது. ஒரு எழுத்து மாறாமல் அதுவேதான். நான் எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்த வரி.

ப்ரீதியின் வாய் திறந்தபடி நின்றது. பல் இல்லாத இடம் தெரிந்தது. என் உயரத்தை, என் கழுத்தை, என் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி அம்மாவை ஒரு தடவை பார்த்தாள். என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். குனிந்தேன்.

"நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று காதில் சொன்னாள்.

உள்ளே ஓடிப் போனாள். நேராகத் தருணிடம் போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டு ஆடத் தொடங்கினாள். எல்லாம் தெரிந்த ஆள் தெரியாத மாதிரி நடிக்கிற ஆட்டம். ஒரு சுற்று முடிந்ததும் கண்ணாடிப் பக்கம் ஒரு பார்வை. மறுபடி ஆட்டம்.

"என்னங்கண்ணா சொன்னா?" என்று அம்மா கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்கம்மா."

"கண்டுபிடிக்கலைங்களா? நீங்க வேற ஏன் அப்படிச் சொல்லிட்டீங்க?" அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். "பாருங்க, அவங்கூடவே ஒட்டிட்டா. இந்தப் பிள்ளைகளை நம்பி ஒண்ணு சொல்ல முடியுதுங்களா."

இன்னொரு தடவை கூப்பிடுங்கள் என்று நான் கேட்டிருக்கலாம். அவர் கூப்பிட்டிருப்பார். கேட்டால் அந்தக் குழந்தை கொடுத்த வாக்கை நானே உடைக்க வேண்டும். அதற்கு எனக்குத் தெம்பு இல்லை.

"இருக்கட்டும்மா" என்றேன்.

அவர் உள்ளே போய் ஒரு தட்டில் கேக்கும் சமோசாவும் கொண்டுவந்து கொடுத்தார். வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டேன். வேஷத்தில் இருந்தால் உட்காரக்கூடாது.

விழா முடிவதற்குள்ளேயே பாயிடமிருந்து போன் வந்தது.

"அந்தம்மா மெசேஜ் போட்டாங்க சாமி. பாப்பா புது ஆளோட குஷியா ஆடிச்சாம். இன்னாப்பா, நீ பேசவே இல்லியா?"

"பேசினேன் பாய். பாப்பாவுக்கு அடையாளம் தெரியல."

"சரி, பழசை நாளைக்குக் கட்டி அனுப்பிடறேன். தருண் உடையக் கழட்டிட்டு ஜிம்முக்குப் போவணும்பான், அவனை விட்டுரு. ஒலிபெருக்கிப் பொட்டி ரெண்டு கெடக்கு. டிரைவரைப் பிடிச்சுனு மெதுவா ஏத்திடு. மெதுவா, புரியுதா? வயித்தைப் பாத்துக்க."

விழா முடிந்ததும் டிரைவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். முதல் பெட்டி போனது. இரண்டாவதைத் தூக்க இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். தையலின் மேல் ஒரு கையை வைத்து அழுத்தினேன். நிமிர்ந்தபோது கிளப் ஹவுஸ் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு ப்ரீதி நின்றாள். கை ஆட்டவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் அல்லவா. நான் மூட்டை தூக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அதனால் பெட்டியை வயிற்றில் சாய்க்காமல், புத்தகத்தில் அவன் தூக்குகிற மாதிரி, தோளில் ஏற்றிக்கொண்டேன்.

"அரே காகா, மெதுவா, மெதுவா" என்றான் டிரைவர்.

டெம்போ வரைக்கும் பதினாறு அடி. அவள் பார்வையிலிருந்து மறைகிற வரை இறக்கவில்லை.