நாடீன் என்ன சமைத்தாள்

பெர்னடெட் செய்த ஒரே தப்பு, எல்லாரிடமும் கேட்டதுதான்.

ஐம்பத்தெட்டு வயதில் லோவெலைக் கல்யாணம் செய்துகொண்டு பால்டிமோரிலிருந்து இண்டியானாவின் தென்கோடிக்கு வந்தவள் அவள்; எல்லாரும் கூப்பிடுவது பெர்னி என்று. மாடுகளும் சோளக்காடுமாகக் கிடந்த அந்தப் பண்ணைவீட்டில் இதற்கு முன் இருந்தவள் நாடீன், லோவெலின் முதல் மனைவி. இறந்து நாலு வருஷம் ஆகிறது. நாடீன் போனதிலிருந்து அந்த வீட்டில் நவம்பரில் ஒரு வியாழக்கிழமை வரும் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்து நடக்கவில்லை. பிள்ளைகள் மூன்று பேரும் ஆளுக்கொரு பக்கம் போய்ச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருஷம் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று பெர்னிதான் சொன்னாள். லோவெல் சந்தோஷத்தில் தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். அதற்குமேல் அவருக்கு எதையும் காட்டிக்கொள்ளத் தெரியாது.

மூத்தவள் கெண்ட்ராவுக்குத்தான் முதலில் போன் செய்தாள். பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆபீஸ் வேலை பார்க்கிறவள். ஒரு விஷயத்தை ஆரம்பித்தால் முடிவு தெரியும்வரை விடமாட்டாள்.

"நீங்க எதையும் புதுசா யோசிக்க வேண்டாம் பெர்னி. அம்மா என்ன பண்ணுவாங்களோ அதைப் பண்ணினா போதும்" என்றாள்.

அது பெர்னிக்கும் சௌகரியமாகத்தான் பட்டது. அம்மா என்ன பண்ணுவார்கள் என்று கேட்டாள். கெண்ட்ரா மூச்சுவிடாமல் ஒப்பித்தாள். வான்கோழி, அதன் வயிற்றில் வெள்ளை ரொட்டிப் பூரணம். மசித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் ஊற்ற வீட்டில் உருட்டி வெட்டின தடித்த நூடுல்ஸ். மார்ஷ்மல்லோ மிட்டாய் போட்டு மேலே கருக வாட்டின சர்க்கரைவள்ளி. காளான் சூப்பில் வேகவைத்த பீன்ஸ். டப்பாவிலிருந்து அப்படியே வழுக்கி விழும் கிரான்பெரிப் பழக்கூழ். கடைசியில் பெர்சிமன் பழப் புட்டிங்.

பெர்னி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தன் பங்குக்கு ஒன்றே ஒன்றைச் சொன்னாள். எங்கள் ஊரில் வான்கோழி என்றால் பக்கத்தில் புளித்த முட்டைகோஸ் இல்லாமல் இருக்காது, ஒரு சின்னப் பானை வைக்கிறேன் என்றாள்.

"வான்கோழியோடயா?" என்றாள் கெண்ட்ரா. "உங்க ஊர்ப் பழக்கம், நான் ஒண்ணும் சொல்லல. ஆனா அந்த வாடை திரைச்சீலைல ஏறிடுமே. அம்மா தைச்ச திரைச்சீலை அது."

பெர்னி சரி, பார்க்கலாம் என்று போனை வைத்தாள். பிறந்ததிலிருந்து ஒரு வருஷம்கூட அந்த முட்டைகோஸ் இல்லாமல் அவள் இந்த நாளைக் கொண்டாடினதில்லை. இருந்தாலும் முதல் விருந்து, விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

அதோடு கேட்பதை நிறுத்தியிருக்க வேண்டும். நடுப்பிள்ளை வருத்தப்படக் கூடாதே என்று டேரினிடமும் கேட்டாள். டேரின் மாட்டுத்தீவன வியாபாரி. வேலி பார்க்க வந்தவன் சமையலறையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். வெள்ளை ரொட்டிப் பூரணம் என்றதும் காபியைக் கீழே வைத்துவிட்டான். இந்த வீட்டில் சோளரொட்டிப் பூரணம்தான், பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்று வளர்ந்தேன் என்றான். அம்மா மார்ஷ்மல்லோவைக் கையால்கூடத் தொடமாட்டாளாம், சர்க்கரைவள்ளி மேல் பெக்கான் பருப்புதானாம். கிரான்பெரி டப்பாவில் வாங்குவதா? ஆரஞ்சுத் தோல் சீவிப்போட்டு அடுப்பில் காய்ச்சுவாள், வீடே மணக்கும் என்றான்.

கடைக்குட்டி மிண்டி லூயிவிலில் நர்ஸ். அவளுக்குப் பேச நேரமில்லை. செய்தி அனுப்பினாள். கடைசி இனிப்புக்குப் பூசணி பைதான் முக்கியம், பெர்சிமன் யாருக்கும் பிடிக்காது. நூடுல்ஸ் கிறிஸ்துமஸுக்குத்தான். பன்றித்தொடை ஹாமை மறந்துவிடாதீர்கள், அம்மா ஹாம் இல்லாமல் இருந்ததே இல்லை.

பெர்னி சமையல் மேடையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். ஒரே அம்மா வயிற்றில் பிறந்து, ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்ட மூன்று பேர். ஆனால் ஆளுக்கொரு வீட்டில் வளர்ந்தவர்கள்போலப் பேசினார்கள்.

நீங்களே பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள் என்று மூவரையும் போனில் ஒரே குழுவாகச் சேர்த்துவிட்டாள். அது இன்னும் வினையாகப் போயிற்று. அவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை, ஒவ்வொருவராக அவளைக் கூப்பிட்டு மற்ற இருவரைப் பற்றிப் புகார் சொன்னார்கள். டேரினுக்கு எப்போதும் பெண்டாட்டி வீட்டுச் சாப்பாடுதான் ஞாபகம் என்றாள் கெண்ட்ரா. கெண்ட்ராவுக்கு எல்லாவற்றிலும் தன் பேச்சே நிற்க வேண்டும், சின்னதிலிருந்து அப்படித்தான் என்றான் டேரின். மிண்டி இரண்டு பேரைப் பற்றியும் சொன்னாள். எதை வைத்தாலும் யாராவது ஒருத்தருக்கு அது அவர்கள் அம்மாவுக்குச் செய்த அவமரியாதையாக இருந்தது.

கடைக்குப் போனபோது வெள்ளை ரொட்டி, சோளமாவு இரண்டையும் தள்ளுவண்டியில் போட்டாள். அரைமனதாக மார்ஷ்மல்லோவை எடுத்தாள், பெக்கானையும் எடுத்தாள். வீட்டுக்கு வந்து ஓவன் கதவைத் திறந்து பார்த்தாள். வான்கோழி ஒன்றே அதை மத்தியானம்வரை அடைத்துக்கொள்ளும். மற்றதையெல்லாம் எங்கே வைப்பது, தலையிலா? யாரும் அதைக் கேட்கவில்லை. சமைக்க வருகிறேன் என்றும் ஒருத்தர் வாயைத் திறக்கவில்லை.

லோவெலிடம் சொன்னபோது, "எல்லாம் நல்லாத்தான் வரும். உனக்கு எது வசதியோ அதைச் செய்" என்றார்.

"எனக்கு வசதி முட்டைகோஸ்."

"அது வந்து... கெண்ட்ரா கொஞ்சம் சங்கடப்படுவா. அதை மட்டும் விட்டுடேன்."

விருந்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து வந்த கையோடு நூடுல்ஸைப் பழகிப் பார்க்க உட்கார்ந்தாள். முதல் உருண்டை விரிந்தே கொடுக்கவில்லை. இரண்டாவது வெட்டும்போது கிழிந்தது. மூன்றாவதைப் படம் எடுத்துக் கெண்ட்ராவுக்கு அனுப்பினாள். இன்னும் தடிமனாக வேண்டும், அம்மாவுடையது இப்படி இருக்காது என்று பதில் வந்தது. பெர்னி உருளைக்கட்டையை மேடைமேல் போட்டாள். உருண்டு கீழே விழுந்த சத்தத்தில் லோவெல் எட்டிப் பார்த்தார்.

"உள்ள வா. கதவைச் சாத்து" என்றாள். "நாற்பது வருஷம் அந்த மேசைல உக்காந்து சாப்பிட்டிருக்க. எனக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லு. நாடீன் என்ன சமைச்சா?"

லோவெல் குழாயடியில் போய்க் கையைக் கழுவினார். கழுவுவதற்கு அதில் ஒன்றும் இல்லை.

"எல்லாத்தையும்" என்றார்.

"எல்லாத்தையும்னா?"

"அவங்க சொல்றது எல்லாத்தையும்தான். கெண்ட்ராவுக்கு வெள்ளை ரொட்டி, டேரினுக்கு சோளரொட்டி. சர்க்கரைவள்ளி பாதித் தட்டுல அது, பாதித் தட்டுல இது. மிண்டி ஹாம் கேட்டு அழுதாளேன்னு ஒரு வருஷம் வெச்சா. அப்புறம் அது நிக்கவே இல்ல. ஒவ்வொருத்தரும் தன் கைக்கு எட்டுறதைத்தான் பாத்திருப்பாங்க போல."

"இந்த ஒரு ஓவன்லயா?"

"முந்தின நாளே ஆரம்பிச்சிடுவா."

பெர்னி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சரி. அவ எந்தப் பக்கம் உக்காருவா?"

லோவெல் மேசையைப் பார்த்தார். ஒவ்வொரு நாற்காலியாகக் கண்ணை ஓட்டினார். தொலைத்த சாமானைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது.

"உக்காந்து பாத்ததா எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். "நின்னுக்கிட்டேதான் இருப்பா. எல்லாரும் டிவில பந்து விளையாட்டு பாக்கப் போனப்புறம், மேடைக்கிட்ட நின்னு எலும்புலேர்ந்து பிச்சுப் பிச்சுத் திம்பா."

"நீ ஒண்ணும் சொல்லலையா?"

"வந்து உக்காருன்னு சொல்லுவேன்."

"எழுந்து போய் ஒரு பாத்திரத்தை வாங்கினியா?"

அவர் மேடைமேல் கிடந்த மாவைத் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அது இன்னும் பரவியது.

பெர்னிக்குத் தன்மேலேயே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை நாளும் இந்த வீட்டின் ஒவ்வொரு சுவரிலும் நாடீனைப் பார்த்துக் கொஞ்சம் பொருமிக்கொண்டுதான் இருந்தாள். இப்போது அந்தப் பொருமல் போய்விடும் என்று பார்த்தால், அது இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. இந்த மனுஷன்மேல் கோபம் வந்தது. அம்மா நின்றதைக் கவனிக்காமல் தட்டை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிற மூன்று பேர்மேல் வந்தது. மூன்று பேரையும் அப்படிப் பழக்கிவிட்டுப் போன நாடீன்மேலும் வந்தது. பாவம் என்றும் தோன்றியது. ஆனால் கோபம்தான் பெரிசாக இருந்தது.

சாயங்காலம் மூன்று பேருக்கும் போன் செய்தாள். வான்கோழி, வெள்ளை ரொட்டிப் பூரணம், மசித்த உருளைக்கிழங்கு, குழம்பு, பீன்ஸ், புளித்த முட்டைகோஸ், கடையில் வாங்கின பூசணி பை. இவ்வளவுதான் நான் வைப்பேன். வேறு என்ன வேண்டுமோ அவரவர் வீட்டில் செய்து, சூடாகக் கொண்டுவாருங்கள், ஓவனில் இடம் இல்லை என்றாள்.

டேரின் சிரித்தான், பெண்டாட்டியிடம் சொல்லிப் பார்க்கிறேன் என்றான். மிண்டி, அன்றைக்கு எனக்கு ஆஸ்பத்திரியில் டியூட்டி போட்டுவிட்டார்கள், வர முடியாது என்றாள். நிஜமா சாக்கா என்று பெர்னி விசாரிக்கப் போகவில்லை.

கெண்ட்ராதான் மல்லுக்கு நின்றாள். "அம்மா இருந்தா இப்படிச் சொல்லவே மாட்டாங்க."

"மாட்டாங்க. எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்க மட்டும் ஏன் சொல்றீங்க?"

"நான் உங்களோட உக்காந்து சாப்பிடணும் கெண்ட்ரா. உங்கம்மா ஒரு வருஷமாவது உக்காந்து சாப்பிட்டாங்களா, நீ பாத்தியா?"

கெண்ட்ரா போனை வைத்துவிட்டாள். வியாழக்கிழமைவரை ஒரு செய்தியும் இல்லை. அப்பாவையும் கூப்பிடவில்லை. லோவெல் வீட்டுக்குள் கால்வைக்கவே பயந்தவர்போல மாட்டுக்கொட்டகையிலேயே கிடந்தார். பெர்னி அவரை இழுத்துவந்து உருளைக்கிழங்கு உரிக்க வைத்தாள். தோலோடு பாதிக் கிழங்கும் போனது. பெர்னி பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் கிழங்கை அவர் முன்னால் கொட்டினாள்.

விருந்தன்று டேரினும் அவன் பெண்டாட்டியும் முதலில் வந்தார்கள். சோளரொட்டிப் பூரணம் வந்திருந்தது. கடைப் பாக்கெட்டில் செய்தது என்று அவளே சொல்லிவிட்டாள். கெண்ட்ரா வரமாட்டாள் என்று நினைத்து பெர்னி வான்கோழியை அறுக்க உட்கார்ந்தபோது வாசலில் கார் நின்றது. புருஷனும் பெண்ணும் பின்னால் வர, இரண்டு கையிலும் துணி சுற்றின பாத்திரங்களோடு கெண்ட்ரா வந்தாள். ஒன்றில் மார்ஷ்மல்லோ போட்ட சர்க்கரைவள்ளி. இன்னொன்றில் நூடுல்ஸ். யாரையும் பார்க்காமல் இரண்டையும் மேசையில் வைத்துவிட்டு, நேரே போய் ஜன்னலைத் திறந்தாள். முட்டைகோஸ் வாடை போகட்டும் என்றாள். நவம்பர்க் குளிர் உள்ளே அடித்தது.

நூடுல்ஸ் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கட்டிகட்டியாகக் கிடந்தது. உப்பு வேறு தூக்கல். டேரின் ஒரு வாய் தின்றுவிட்டுத் தண்ணீர் குடித்தான். கெண்ட்ரா அதைக் கவனித்தாள். உடனே எழுந்து போய் மிளகுத்தூள் கொண்டுவந்தாள். மறுபடி எழுந்து கரண்டி கொண்டுவந்தாள். பெண்ணுக்குப் பால், புருஷனுக்கு இன்னொரு ரொட்டி. அவள் தட்டில் ஒன்றும் குறையவில்லை. முட்டைகோஸை டேரின் கொஞ்சம் எடுத்துப் பார்த்து, மோசமில்லை என்றான். இரண்டாம் தடவை எடுக்கவில்லை. பெர்னி தன் தட்டில் நிறையப் போட்டுக்கொண்டு சாப்பிட்டாள்.

குழம்பு தீர்ந்துபோய்விட்டது என்று யாரோ சொன்னார்கள். கெண்ட்ரா நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினாள்.

"நீ உக்காரும்மா" என்றார் லோவெல். "நான் போறேன்."

அவர் காலிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். மூடிகளைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது. பிறகு அடுப்பைத் திருகும் சத்தம்.

"பெர்னி" என்றார் உள்ளேயிருந்து. "இதுல எந்தத் திருகு எந்த அடுப்புக்கு?"

டேரின் குபீரென்று சிரித்தான். கெண்ட்ராவின் புருஷனும் சிரித்தான். பெர்னிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருஷம் இருந்த வீடு. இடது பக்கத்து முதல் திருகு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னாள். அவர் கொண்டுவந்த குழம்பு அடியில் பிடித்திருந்தது. எல்லாரும் ஊற்றிக்கொண்டார்கள்.

சாப்பாடு முடிந்து மற்றவர்கள் டிவி முன்னால் போய் விழுந்ததும் கெண்ட்ரா பாத்திரம் துடைக்க வந்து நின்றாள்.

"நூடுல்ஸ் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"உப்பு ஜாஸ்தி."

"தெரியும்." தட்டைத் துடைத்து அடுக்கினாள். "அம்மா கிட்ட கத்துக்கவே இல்ல. செஞ்சு வெச்சிருப்பாங்க, வந்து சாப்பிடுவோம். அவ்வளவுதான்."

பெர்னி அடுத்த தட்டை நீட்டினாள். அவளுக்குக் கால் வலித்தது. ஜன்னல் இன்னும் திறந்தே கிடந்தது.

புறப்படும்போது கெண்ட்ரா கட்டிப்பிடிக்கவில்லை, நன்றாக இருந்தது என்றும் சொல்லவில்லை. மிச்ச நூடுல்ஸைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை போனவள் திரும்பி, அடுத்த வருஷம் முந்தின நாளே வந்துவிடுகிறேன், இரண்டு பேருமாகச் செய்யலாம் என்றாள். அந்தத் திரைச்சீலையைத் துவைக்க எடுத்துக்கொண்டு போகிறேன் என்று கழற்றியும் கொண்டாள்.

கார் போனபிறகு பெர்னி வெறும் ஜன்னலுக்கு முன்னால் நின்றாள். உதவிக்கு ஆள் கிடைத்ததா, இல்லை இன்னும் ஒரு முழுநாளைக்குச் சண்டை கிடைத்ததா என்று அவளுக்குப் புரியவில்லை. லோவெல் பின்னால் வந்து, எல்லாம் நல்லபடியாக முடிந்ததே என்றார். பெர்னி அவர் கையில் அடிப்பிடித்த குழம்புச் சட்டியையும் தேய்க்கும் நாரையும் கொடுத்துவிட்டு, போய்ப் படுத்துக்கொண்டாள்.