பிள்ளைகளின் கட்டம் காலியாக இருக்கிறது

1

வேதாகமத்துச் சங்கீதப் பாடல் ஒன்றில் நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் மேலும் நான்கு வரி படித்துவிட்டேன். இந்தக் கதை அந்தத் தவறில் பிறந்தது.

ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன் செத்ததும் அவருடைய பன்னிரு சீடரில் ஓர் இடம் காலியாயிற்று. ஆதிச் சபையார் அந்தச் சங்கீதத்தை எடுத்தார்கள். அவன் வேலை இன்னொருவனுக்குப் போகட்டும் என்று அதில் ஒரு வரி இருந்தது. சீட்டுப் போட்டு ஆளை அமர்த்தினார்கள், சுருளைச் சுற்றி வைத்தார்கள். சுற்றாமல் விட்டிருந்தால் அடுத்தது வந்திருக்கும்: அவன் மனைவி விதவையாகட்டும், பிள்ளைகள் பிச்சைக்கு அலையட்டும், அந்தப் பிள்ளைகள்மேல் இரங்க ஒருவரும் இல்லாமல் போகட்டும்.

அவனுக்குப் பிள்ளை இருந்ததா?

(இருந்ததாக எங்கும் படித்ததில்லை. இல்லை என்றும் படித்ததில்லை. கதை எழுதுகிறவனுக்கு இந்தச் சந்து போதும்.)

2

தூக்கிப் போட்ட தொடக்கங்கள்:

"அந்தியோகியா நகரத்து நதியில் சூரியன் சிவப்பாக விழுந்துகொண்டிருந்த —" வேண்டாம். நான் படித்த அயல்நாட்டுக் கதைகளில் பாதியில் ஏதாவது ஒரு நதியில் சூரியன் விழுந்தாயிற்று.

"காட்டிக்கொடுத்தவனின் மகள் கடைசியாக அப்பனைப் பார்த்தபோது அவன் கையில் ஒரு மண் குதிரை —" இதுவும் வேண்டாம். கெட்டவனுக்கும் ஈரம் உண்டு என்று காட்ட எல்லோரும் அவன் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்கு அப்போது வயது நான்கு. அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்லை. அப்படியே இருக்கட்டும்.

"ஓனியா எழுதிக்கொண்டிருந்தான்." இது நிற்கும்.

3

ஓனியா எழுதிக்கொண்டிருந்தான். அந்தியோகியாவில், வெளுப்புக்காரர் தெருவில், சபை கூடும் வீட்டின் பின்னறை. ஆண்டவர் உயிர்த்தெழுந்து நாற்பது வருஷம் ஆகியிருந்தது. கண்ணால் பார்த்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருந்ததால் மூப்பர் அரிஸ்தோன் ஒரு சுருள் எழுதச் சொல்லியிருந்தார். நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் வேதத்தில் சொன்னது, வலப்பக்கம் நடந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக ஒரு கட்டத்தில் ஒரு நடப்பு.

[காட்டிக்கொடுத்த கூலியான முப்பது வெள்ளியில் குயவனின் நிலத்தை வாங்கிய செய்திக்கு எதிரே ஓனியா ஒரு தீர்க்கதரிசிக்குப் பதிலாக இன்னொருவரின் பெயரை எழுதிவிட்டான். இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்து மூப்பரிடம் போய் நின்றான். "யாரு சொன்னா என்னப்பா? சொன்னது நடந்துச்சுல்ல?" என்றார் அவர். அவரை இதைவிடச் சுருக்கமாக அறிமுகப்படுத்த எனக்குத் தெரியவில்லை.]

சபையில் நன்றாக எழுதத் தெரிந்தவன் ஓனியா ஒருவன்தான் என்பதால் விதவைகளின் பட்டியலும் அவனிடம் இருந்தது. ஒவ்வொரு காலையும் அவன் பட்டியலைச் சத்தமாக வாசிப்பான். பெயர் வந்தவள் போய் அப்பம் வாங்கிக்கொள்வாள். வராதவளுக்கு இல்லை. பட்டியலில் ஏற அப்பன் பெயரும் ஊரும் சொல்ல வேண்டும்.

சாயக்காரனின் மனைவி கேத்தூராள் ஒரு புதன்கிழமை வந்தாள். முழங்கை வரை நீலம் ஏறிய கைகள். புருஷன் செத்து ஒரு மாதம். சாயத்தொட்டிகளைக் கொழுந்தன் எடுத்துக்கொண்டுவிட்டான்.

"அப்பா பேரு சொல்லுங்கக்கா."

சொன்னாள். யூதர் தெருவில் நின்று கூப்பிட்டால் ஏழு பேர் திரும்பிப் பார்க்கிற பெயர். எழுதிக்கொண்டான்.

"ஊரு?"

"ஊரு எதுக்கு தம்பி? அது தெக்க, ஒரு மாச நடை. அங்க போயா விசாரிக்கப் போறே?"

"ஊரு இல்லாம ஏத்த முடியாதுக்கா. தீனாக்கா மாதிரி ரெண்டு சபைப் பட்டியல்ல ரெண்டு ஊரு சொல்லி வாங்கிட்டா?"

வாசலில் பயற்றில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி தீனாள் தலையைத் தூக்காமல், "ஒரே ஒரு வாரம் வாங்கினேன். சாகற வரைக்கும் சொல்லிக்கிட்டே இரு" என்றபடி முறத்தோடு எழுந்து போனாள்.

அவள் போகட்டும் என்று காத்திருந்து கேத்தூராள் சொன்னாள்.

"காரியோத்து."

அந்தப் பெயரும் அந்த ஊரும் சேர்ந்தால் ஒரே ஆள்தான்: ஆண்டவரைக் காட்டிக்கொடுத்தவன். ஓனியாவின் நாணல் பேனா நின்றது.

"வேற ஊரு ஏதாச்சும் சொல்லியிருக்கலாமேக்கா."

"சபைகிட்டப் பொய் சொன்ன புருஷனும் பொண்டாட்டியும் அந்த இடத்துலயே விழுந்து செத்தாங்கன்னு வாரா வாரம் நீங்கதானே சொல்றீங்க. எனக்குப் பயமா இருந்துச்சு." கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "எம் புருஷனுக்கே தெரியாது தம்பி. யாருகிட்டயும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்க்கா."

4

முதல் பிரதியில் அவன் சொல்லவில்லை. கேத்தூராள் தினமும் அப்பம் வாங்கினாள், வயதாகிச் செத்தாள். பத்து வரியில் முடிந்துவிட்டது. நல்லவர்கள் என் கதையை இப்படித்தான் கெடுக்கிறார்கள்.

ஆகவே நான்தான் ஓனியாவைச் சொல்லவைத்தேன். கதையின் முடிவை நான் முன்பே எழுதி வைத்திருந்தேன். அதற்கு ஒருவன் வாக்குத் தவற வேண்டியிருந்தது. (இந்த வாக்கியத்தை எழுதிய பிறகு சற்றுநேரம் எழுந்து நடந்தேன்.)

ஒரு காரணமாவது கொடுக்க வேண்டும் அல்லவா? கொடுத்தேன்.

5

"இந்த ஒரு கட்டம் மட்டும் ஏன்டா பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு?" என்று கேட்டார் அரிஸ்தோன்.

சங்கீதத்தின் அந்த வரி. பிள்ளைகள்மேல் இரங்க ஒருவரும் இல்லாமல் போகட்டும். எதிரே வெறும் நாணற்தாள்.

"அவனுக்குப் பிள்ளைங்க இருந்துச்சோ என்னமோ, யாருக்குத் தெரியும்? அந்த வரியையே அழிச்சிரு. பாதிச் சுருளைப் பாத்தா ஊர்க்காரன் சிரிப்பான்."

மூன்று வருஷ உழைப்பு. ஒரே ஒரு பொக்கை. ஓனியா வாயைத் திறந்தான். திறந்த பிறகு மூடத் தெரியவில்லை.

மூப்பருக்குக் கோபம் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. வானத்தைப் பார்த்துக் கைகளை விரித்து நின்றார். "நம்ம தெருவுலயே வச்சிருக்காரு பாத்தியா. நம்ம தெருவுலயே." பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணக்காகப் பேசினார். "பட்டியல்ல அவ பேரை அழிச்சிரு. நனைஞ்ச பஞ்சால ஒரு இழுப்பு. நாம அப்பம் கொடுத்தா எழுதினது பொய்யாயிருமே."

"பசிச்சவனுக்குக் கொடுன்னு ஆண்டவர் சொன்னாரே ஐயா."

"சொன்னாரு. வேதத்துல ஒரு புள்ளிகூட விழாதுன்னும் சொன்னாரு. ரெண்டுல எது பெரிசு, நீயே சொல்லு."

கேட்டது மூப்பர் என்றாலும் கேள்வி என்னுடையது, எனக்கும் தெரியவில்லை.

கேத்தூராளைக் கூப்பிட்டனுப்பினார்கள். மூப்பர் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். "இது பகை இல்லம்மா. ஒம்மேல எனக்கு வருத்தமே கிடையாது."

அவர் சொன்ன எல்லாவற்றையும் அவள் கேட்டுக்கொண்டாள்.

"எங்கப்பா செஞ்சதும் எழுதியிருந்ததுதானே ஐயா?"

"ஆமாம்மா. அப்படியே எழுதியிருந்துச்சு."

"எழுதினபடி செஞ்சதுக்குத்தான் அவரை இந்தத் திட்டுத் திட்டுறீங்க."

மூப்பர் தாடியைத் தடவினார்.

"எனக்கு அப்பம் இல்லைங்கிறதும் எழுதினபடிதான்னு சொல்றீங்க. சரி. உங்களை யாரும் திட்டாம இருக்கணும்னு வேண்டிக்கிறேன்."

எழுந்தவள் ஓனியாவின் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவில்லை.

"எங்கப்பாவுக்காவது முப்பது வெள்ளி கிடைச்சுதாம். ஒனக்கு என்ன தம்பி கொடுத்தாங்க?"

ஓனியா நாணற்தாளைப் பார்த்தான்.

6

முடிவுகள்.

அ) மறுநாள் காலை ஓனியா அவள் பெயரை வாசிக்கிறான். மூப்பர் மனம் மாறுகிறார், எல்லோரும் அழுகிறார்கள். எழுதும்போதே எனக்குக் கூச்சமாக இருந்தது.

ஆ) பெயர் வரவில்லை. தீனாள் தன் அப்பத்தைப் பிட்டு, "ரெண்டு பங்கு தின்னவதானே நான், ஒரு நாள் அரைப்பங்கு தின்னா செத்தா போயிருவேன்?" என்று பாதியைக் கொடுக்கிறாள். இரங்க ஒருத்தி இருந்துவிட்டாள்; கட்டம் நிறையவில்லை. என் கண்ணில் நீர் வந்தது. நான் எழுதியதற்கு நானே அழுதால் அதை நம்பக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

இ) கேத்தூராள் வரவே இல்லை. மூப்பருக்கு, ஓனியாவுக்கு, எனக்கு, மூவருக்கும் மிகவும் வசதி. அதனாலேயே முடியாது. அவளுக்குப் பசிக்கிறது. வருவாள்.

7

வந்தாள். வியாழக்கிழமை காலை, முற்றத்தில் பதினோரு பெண்கள். ஓனியா பட்டியலோடு நிற்கிறான். பஞ்சு நனைந்திருக்கிறது. அவன் அழித்தானா என்பதை நான் பார்க்கவில்லை, வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை. அழித்திருந்தாலும் பெயர் அவனுக்கு மனப்பாடம். மூப்பர் தூணோரம் கண்களை மூடி ஜெபித்துக்கொண்டிருக்கிறார். பாவம், உண்மையாகவே ஜெபிக்கிறார்.

பெயர்கள் வந்துகொண்டிருக்கின்றன. கேத்தூராளுக்கு முன்னால் இன்னும் இரண்டு பேர்.

முன்பே எழுதி வைத்திருந்த முடிவைக் கிழித்துவிட்டேன். அதை ஓனியாவின் கையில் கொடுத்தால் அவன் செய்வது நல்லதோ கெட்டதோ எதுவும் அவனுடையதாகாது. எழுதினபடி செய்தவன் என்று ஆகிவிடும். அவள் அப்பனுக்கு நடந்தது அதுதான்.

ஆனால் இங்கேயே நிறுத்தினாலும் சிக்கல். கதை முடிந்த இடத்தில் அவள் அப்பம் இல்லாமல் நிற்பாள். இரங்காமல் போனவர்களில் நானும் ஒருவன் ஆவேன், அந்தக் கட்டம் என் கையால் நிறைந்துவிடும்.

இன்னும் ஒருத்தி. தீனாள் வாங்கிக்கொண்டு திரும்புகிறாள்.

அடுத்த பெயருக்காக ஓனியா மூச்சை இழுக்கிறான். உங்களுக்கும் அந்தப் பெயர் தெரியும், யாராவது சத்தமாக வாசித்தால் அவளுக்கு அப்பம். எனக்கு அடுத்த வரி எழுத வரவில்லை. நீங்கள் வாய்விட்டு வாசிப்பவரா, மனதுக்குள் வாசிப்பவரா?